எத்தனை மாதத்து வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் மனிதவளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் வடசென்னைக்காரன். பெரிய கார் கம்பெனி ஒன்றின் டிரிம் லைனில், அதாவது டேஷ்போர்டு, ரூஃப் லைனிங் மாதிரி உள்பக்கச் சாமான்களை மாட்டும் வரிசையில், பல வருஷம் வேலை பார்த்தவன். எந்தக் கம்பெனி என்று சொன்னால் இது அவர்களுக்கும் எனக்கும் உள்ள பஞ்சாயத்தாகப் போய்விடும், அதனால் பெயர் வேண்டாம். சொல்ல வந்தது உங்கள் எல்லோருக்கும் பொது. இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்ததும், அக்கம்பக்கத்தில் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த பையன்கள் ஃபைலும் கையுமாக வருவார்கள். மறுநாளோ அடுத்த வாரமோ உங்கள் இன்டர்வியூ இருக்கும்.

வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டருக்கு 0.01, டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் என்ன வித்தியாசம், ஓம் விதி, ஃபைவ் எஸ், டார்க் ரெஞ்ச் எதற்கு. நீங்கள் கேட்பது எங்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம். அதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட முடிகிறது. பையன்கள் என்னைக் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் இல்லை. "அண்ணா, இது எத்தனை மாசத்து வேலை? முடிஞ்சா அடுத்து என்ன?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நீங்கள்தான். அதை இன்டர்வியூ அன்றே, தமிழில், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சம்பளத்தை ஏற்று, எல்லோரையும் பர்மனென்ட் ஆக்கு என்று கேட்க இங்கே வரவில்லை. அதைக் கேட்கச் சங்கங்கள் இருக்கின்றன, அவர்கள் கேட்பார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லாதது.

லைனில் ஒரே காரைச் சுற்றி நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பர்மனென்ட். ஒருவர் கம்பெனி டிரெய்னி. பக்கத்தில் இருப்பவன் அப்ரென்டிஸ். எதிரில் குறித்த காலத்துக்கு எடுத்த ஆள். பின்னால் பொருள் தள்ளிக்கொண்டு வருபவர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர். எல்லோர் கையிலும் நட்டு முடுக்கும் அதே நட் ரன்னர் மெஷின், எல்லோருக்கும் அதே நேரக் கணக்கு. ஆனால் ஐந்து பேருக்கும் ஐந்து சட்டம், ஐந்து விதமான சம்பளச் சீட்டு, வெளியே போகும் நாளும் வேறு வேறு. இந்த வித்தியாசம் எங்கள் பையனுக்கு எப்போது தெரிய வருகிறது? பேட்ஜ் கொடுக்கும்போது பாதி. மீதி, கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சீனியர் சொல்லும்போது.

அப்ரென்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டம், 18-ஆம் பிரிவு. சரி, அது சட்டம். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அப்ரென்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவனை ஓவர்டைம் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதைப் பல லைன் சூப்பர்வைசர்களே கேள்விப்பட்டதில்லை என்று தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்த அப்ரென்டிஸை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கொள்கை வேண்டும் என்கிறது. அப்படியானால் அந்தக் கொள்கை உங்கள் ஆபீஸ் பீரோவில் எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும். என்னிடம் வந்த பையன்களில் ஒருவன்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் கேட்கும் தாளில் பாதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் 480. தொழிற்பேட்டைப் பக்கம் பத்து வருஷம் இருந்த எவரையும் எழுப்பிக் கேளுங்கள், இந்த எண் என்ன என்று சொல்வார். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் அது. தொழிலாளியைக் காப்பாற்ற வந்த எண், நாளடைவில் எந்தத் தேதியில் அவனை வெளியே அனுப்பலாம் என்று காலண்டரில் வட்டம் போடும் எண்ணாகவும் ஆகிவிட்டது. 2018-ல் மத்திய அரசு குறித்த கால வேலையை எல்லாத் துறைக்கும் திறந்துவிட்ட பிறகு அந்த வட்டம் போடுவதும் சுலபமாகிவிட்டது. இதெல்லாம் சரியா தப்பா என்று கோர்ட்டும் சங்கமும் பேசட்டும். வட்டம் போட்டிருக்கிறீர்கள் என்றால், அந்தத் தேதியைப் பையனிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் பேச்சு.

ஏன் இதை இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், சொல்லாமல் விடுவதால் வரும் சேதம் உங்கள் கேட்டுக்கு வெளியே நடக்கிறது, உங்கள் கண்ணில் படுவதில்லை. பெரிய கார் கம்பெனியில் வேலை என்றால் எங்கள் தெருவில் அது ஒரு விசேஷம். அம்மா பக்கத்து வீட்டுக்கு ஸ்வீட் கொடுத்தனுப்புவார். முதல் மாதச் சம்பளம் வந்ததும் பைக் லோன், இரண்டாவது மாதம் அக்கா கல்யாணத்துக்குச் சீட்டுப் பணம். கம்பெனிப் பேரைப் பார்த்துக் கடன்காரன் கொடுத்துவிடுகிறான், பையனும் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். முப்பத்தாறு மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொண்டவனின் வேலை பன்னிரண்டாவது மாதம் முடிகிறது. சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போனால் அங்கேயும் டிரெய்னி. அதற்கடுத்த இடத்தில் வயது வரம்பு தாண்டிவிட்டது என்பார்கள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் "உனக்கு வயசாயிடுச்சு" என்று கேட்கிற தொழில், எனக்குத் தெரிந்து கிரிக்கெட்டுக்கு அப்புறம் இதுதான்.

பன்னிரண்டு மாதம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தப் பையன் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவானா? மாட்டான். பெரும்பாலும் வரத்தான் செய்வான். ஆனால் பைக் லோன் போட மாட்டான். வேலை பார்த்துக்கொண்டே ரயில்வே தேர்வுக்கோ மின்வாரியத்துக்கோ படிப்பான். பகுதி நேர டிப்ளமோ இருக்கிறதா என்று விசாரிப்பான். வீட்டிலும் அதற்கேற்ற மாதிரி ஏற்பாடு செய்வார்கள். ஒரு வரித் தகவலுக்கு இவ்வளவு பலன் இருக்கிறது.

இப்போது இன்டர்வியூவுக்கு வருகிறேன். உங்களைக் குறை மட்டும் சொல்லவில்லை. நட்டையும் போல்ட்டையும் கையில் கொடுத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை பூட்டுகிறான் என்று பார்க்கிறீர்களே, அது நல்ல சோதனை. நிறக்குருடு இருக்கிறதா என்று புள்ளிப் படங்களைக் காட்டிப் பார்ப்பதும் நியாயம்; வயரிங் கனெக்டரில் நிறம் தெரியாதவனை நிறுத்தினால் அவனுக்கும் ஆபத்து, காருக்கும் ஆபத்து. லைனில் தேவைப்படுவதைச் சோதிக்கும் எதையும் எங்கள் பையன்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அந்த ஆங்கிலம் எதற்கு? லைனில் டீம் லீடர் திட்டுவது தமிழில், பக்கத்து ஸ்டேஷன்காரர், அதாவது லைனில் அடுத்த இடத்தில் நிற்பவர், பேசுவது தமிழிலோ இந்தியிலோ. வேலை விவரத் தாள்கூடப் படமும் அம்புக்குறியுமாகத்தான் தொங்கும். இருந்தும் ஏசி அறையில் உட்கார்ந்து, உன்னைப் பற்றி இங்கிலீஷில் சொல் என்கிறீர்கள். பையன் "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து, கோச்சிங் சென்டரில் எழுதிக் கொடுத்த எட்டு வரியை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். நடுவில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதல் வரியிலிருந்துதான் வர முடியும். அந்த எட்டு வரியில் உங்களுக்கு அவனைப் பற்றி என்ன தெரிந்தது? கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டு என்று சொல்லியிருந்தால் அவன் யார் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். குமாஸ்தா வேலைக்கோ டிசைன் ஆபீஸுக்கோ ஆள் எடுத்தால் ஆங்கிலம் கேளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எனக்குச் சிரிப்பு வருகிற கேள்வி ஒன்று உண்டு. "இன்னும் அஞ்சு வருஷத்துல நீ எங்க இருப்ப?" பன்னிரண்டு மாதத்துக்கு எடுக்கப்போகும் பையனிடம் இதைக் கேட்கிறீர்கள்! அவனும் பாவம், சொல்லிக் கொடுத்தபடியே "உங்க கம்பெனியில டீம் லீடரா இருப்பேன் சார்" என்கிறான். நீங்களும் தலையாட்டி மார்க் போடுகிறீர்கள். அது நடக்காது என்பது அறையில் ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் சொல்லும் தாளைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினால் போதும்.

வேலை என்ன என்பதையும் யாரும் சொல்வதில்லை. கம்பெனி விளம்பரத்தில் பையன்கள் பார்ப்பது வெல்டிங் ரோபோக்கள் வரிசையாகத் தலை ஆட்டுவதை. பாடி ஷாப்பில் அது உண்மைதான். ஆனால் புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் போய் நிற்பது டிரிம், சேஸி, ஃபைனல் லைன்களில். அங்கே மனிதக் கைதான். மணிக்கு 60 கார் இறங்கும் லைன் என்றால் ஒரு காருக்கு 60 விநாடி. சாப்பாடு, டீ நேரம் போக ஏழரை மணி நேரம் லைன் ஓடினால், ஒரு ஷிஃப்டில் அதே வேலையை 450 தடவை செய்ய வேண்டும். கார் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். கூடவே நடந்து, தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டுவதற்குள் முடிக்க வேண்டும். ரூஃப் லைனிங் மாட்டுபவனுக்குத் தோள் போகும். நாள் முழுக்க கிளிப்பும் கிராமெட்டும் அழுத்துபவனுக்குக் கட்டைவிரல். பாத்ரூம் போக வேண்டும் என்றால் ரிலீவர் வந்து உன் இடத்தில் நிற்க வேண்டும். அவர் வேறு எங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முடிக்க முடியவில்லை என்றால் தலைக்கு மேலே தொங்கும் ஆண்டன் கயிற்றை, அதாவது உதவிக்குக் கூப்பிடும் கயிற்றை, இழுக்கலாம். போர்டில் உன் ஸ்டேஷன் எண் எரியும், பாட்டு வரும், டீம் லீடர் ஓடி வருவார். தப்பு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாமல் தடுக்கத்தான் அந்தக் கயிறு. டிரெயினிங் ஹாலில் நீங்களும் அப்படித்தான் சொல்லித் தருகிறீர்கள். ஆனால் டெர்மை, அதாவது வேலைக்கு எடுத்த காலத்தை, நீட்டிப்பார்களா மாட்டார்களா என்றே தெரியாதவன் அதை இழுப்பானா? போர்டில் தன் எண் அடிக்கடி எரிந்தால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுவான். சரியாக உட்காராத கிளிப்பை விட்டுவிட்டு அடுத்த காருக்கு ஓடுவான். மழைத் தண்ணீர்ச் சோதனையில் அந்தக் கார் ஒழுகும்போது, யார் மாட்டியது என்று தேடுவீர்கள். தன் நிலைமை என்ன என்று தெளிவாகத் தெரிந்தவன்தான் தைரியமாகக் கயிற்றை இழுப்பான். தரம், தரம் என்று சுவர் முழுக்க எழுதி வைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினும் பாடியும் வந்து சேரும் இடத்தை லைனில் மேரேஜ் என்போம். முதல் தடவை அதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தெருவில் அந்த மாடல் போனால் இன்றைக்கும் டேஷ்போர்டைத்தான் என் கண் தேடும். அந்தப் பெருமை எங்கள் பையன்களுக்கும் கிடைக்கட்டும்.

வடசென்னைக்குக் கார் தொழில் புதிதல்ல, அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, பிறகு லாரி, பஸ் என்று போனது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் எம்ஆர்எஃப். என்ஃபீல்டு புல்லட்டும் திருவொற்றியூர்தான். பெரம்பூரில் 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிறார்கள். அதே பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று அந்தப் பெயர்களைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ ஸ்பானர் பிடித்தவராகத்தான் இருப்பார். என் அப்பா சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவர்.

சைக்கிள் தூரத்தில் இருந்த வேலை இப்போது நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1990களில் பெரம்பூர் மில்லும் மூடியாகிவிட்டது, அதே காலத்தில் உங்கள் தொழிற்சாலைகள் ஊருக்கு மறுகோடியில் வந்தன. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வந்தது நல்லதுதான். ஆனால் இன்டர்வியூவில் எங்கள் பையனிடம் "திருவொற்றியூர்ல இருந்து எப்படிப்பா வந்து போவ?" என்று கேட்டுவிட்டு, அவன் திணறினால் மார்க்கைக் குறைப்பது நல்லதல்ல. அவன் எப்படி வருவான் என்பது உங்கள் கம்பெனி பஸ் எங்கே வரை வருகிறது என்பதைப் பொறுத்தது. பூந்தமல்லி, கோயம்பேடு, தாம்பரம், காஞ்சிபுரம் என்று எல்லாப் பக்கமும் ஷிஃப்ட் பஸ் ஓடுகிறது. மூலக்கடைக்கு இந்தப் பக்கம் வருவது அபூர்வம். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-ல் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் முதல் வண்டி புறப்படுவது காலை ஐந்து மணி வாக்கில். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவன் அதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் செய்யும் கார்கள் மட்டும் எங்கள் பக்கம் தவறாமல் வந்து சேர்கின்றன. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் இருக்கிறதே, கப்பலேற வேண்டிய புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர்கள் அங்கேதான் போகின்றன. டீக்கடையில் நின்றால் பார்க்கலாம். டிரெய்லருக்குத் தெரிந்த வழி பஸ் டிரைவருக்குத் தெரியாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். பஸ் விட முடியாது என்றால் பரவாயில்லை, அதையும் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்க வேண்டும், வாடகை உன் பொறுப்பு என்று தெரிந்தால், ஸ்டைபெண்டில், அதாவது பயிற்சிக் காலத்துக்குத் தரும் உதவித்தொகையில், எது மிஞ்சும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

முகவரி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நீட்டவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று சொன்னதும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வருகிறது. அடுத்து, கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி. அதைக் கண்டுபிடிக்கத்தான் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது. அந்தக் காகிதம் வரட்டும், அதைப் பாருங்கள். பின்கோடில் 600039 இருப்பது குற்றப் பின்னணி ஆகாது. சில பையன்கள் அத்தை வீட்டு முகவரியைப் போடலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆதாரில் இருப்பதை மறைத்து என்ன பிரயோஜனம்?

புரோக்கர்கள். உங்கள் கம்பெனி பேரைச் சொல்லி, உள்ளே ஆள் இருக்கிறது என்று பணம் வாங்குபவர்கள் எங்கள் பகுதியில் சாதாரணமாக நடமாடுகிறார்கள். நகை அடகு வைத்துக் கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். வேலைக்காக நாங்கள் பணம் வாங்குவதில்லை என்று இணையதளத்தில் ஆங்கிலத்தில் போட்டிருப்பீர்கள். அதை ஐடிஐ வாசலில் தமிழில் ஒட்டுங்கள். உங்களுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்கள் யார் யார் என்பதையும் சேர்த்து ஒட்டினால், மற்றவனெல்லாம் போலி என்று எங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. கார் விற்பனை பண்டிகைக்கு ஏறும், அப்புறம் இறங்கும். புது மாடல் வந்தால் மூன்றாவது ஷிஃப்ட் போடுவீர்கள், ஆர்டர் குறைந்தால் நிறுத்துவீர்கள். தலைமையகம் எங்கேயோ சியோலிலோ பாரிஸிலோ இருக்கும், எண்ணிக்கையை அங்கே முடிவு செய்வார்கள். உங்கள் வேலைக்கே எவ்வளவு உத்தரவாதம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த வருஷம் மறைமலைநகர் லைன் நின்றபோது, பர்மனென்ட் ஆட்களும்தான் வாசலில் உட்கார்ந்து கணக்குப் பேச வேண்டியிருந்தது. ஆகவே எதிர்காலத்துக்கு வாக்கு கொடுங்கள் என்று கேட்கவில்லை. இன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொன்னால் போதும்.

தெரிவித்தால் நல்ல பையன்கள் வர மாட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்கு என்ன நடக்கிறது? சேர்ந்த முதல் மாதத்திலேயே பலர் ஓடிவிடுகிறார்கள், சொல்லாமல் கொள்ளாமல். சேஃப்டி ஷூவைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் போகிறார்கள். நீங்கள் மறுபடி ஆள் எடுத்து, மறுபடி மெடிக்கல், மறுபடி டிரெயினிங். அவர்கள் வேலைக்குப் பயந்து ஓடியவர்கள் என்று எழுதிக்கொள்வீர்கள். நான் பேசிப் பார்த்த வரையில், நின்று செய்கிற வேலை கஷ்டம் என்று போனவர்கள் கொஞ்சம் பேர். சொன்னது ஒன்று, இங்கே இருப்பது வேறு என்று போனவர்கள்தான் அதிகம்.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், இவ்வளவுதான். என்னை எடுப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா. கான்ட்ராக்டர் என்றால் அவர் பெயர். அப்ரென்டிஸா, டிரெய்னியா, குறித்த கால ஆளா. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. கையில் வரும் தொகை எவ்வளவு, பிடித்தம் போகவா போகாமலா. பிஎஃப், இஎஸ்ஐ உண்டா இல்லையா. எந்த ஷாப், எந்த மாதிரி வேலை, எத்தனை ஷிஃப்ட். பஸ் எங்கே நிற்கும். டெர்ம் முடிந்ததும் எடுப்பதற்கு என்ன விதி, போன தடவை இதே கணக்கில் வந்தவர்களில் எத்தனை பேரை எடுத்தீர்கள். கடைசியில் இருப்பது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். நூறு பேரில் மூன்று பேர் என்றால் மூன்று என்றே போடுங்கள். அந்த மூவரில் ஒருவனாக வந்துவிடலாம் என்று நம்புகிறவன் வரட்டும், தெரிந்தே வரட்டும்.

தேறாதவர்களுக்கும் ஒரு வரி அனுப்புங்கள். "கால் பண்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், அந்த போனுக்காகக் காத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களிடம் போன் நம்பர் இருக்கிறது, ஓடிபி அனுப்பும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. தேர்வாகவில்லை என்று ஒரு எஸ்எம்எஸ் போதும். காரணம்கூட வேண்டாம், மெடிக்கலில் ஏதாவது தெரிய வந்திருந்தால் மட்டும் அதைச் சொல்லிவிடுங்கள். பிபி இருப்பதோ கண்ணில் கோளாறு இருப்பதோ அவனுக்குத் தெரிய வேண்டாமா? டாக்டரிடம் போயாவது காட்டுவான்.

ஐடிஐ ரிசல்ட் வந்த கையோடு வடசென்னை அரசு ஐடிஐக்கும் அம்பத்தூருக்கும் கேம்பஸ் எடுக்க நீங்கள் வருவீர்கள். அதற்குள் அந்தத் தாள் தயாராகுமா என்று பாருங்கள். வார்த்தை சரியாக வரவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், லைன்காரனுக்குப் புரிகிற தமிழில் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை மறந்துவிட வேண்டாம். டெர்ம் முடியப் போகிறது, நீட்டிப்பு இல்லை என்று உங்களுக்கு முடிவாகத் தெரிந்த அன்றே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கடைசி வாரம் பேட்ஜை வாங்கிக்கொள்ளும்போது சொல்வதற்கும், மூன்று மாதம் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மூன்று மாதம் இருந்தால் ஒருவன் அடுத்த வேலையைத் தேடிக்கொள்வான்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பழைய டிரிம் லைன்காரன்